அரசு வக்கீல் எதிர்ப்பக்கம் நின்றால்: கோர்ட் நம்ம மொபைலுக்கு வந்த கதை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வில்லியனூர்ல இருந்து பேசுறேன். போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ப்ரோ, பொதுநல வழக்கு, பொதுநல வழக்குன்னு நியூஸ்ல தினமும் வருது. அதைப் போடுறவங்க யாரு? விளம்பரத்துக்குப் போடுறாங்களா, நிஜமாவே ஏதாவது மாறுதா?"

நியாயமான கேள்வி. பதில் தேடிப் போனப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. பெரிய அரசியல் சாசன வழக்குகளை எடுத்துப் பாருங்க. அரசுக்கு எதிரா நின்னு வாதாடுற வக்கீல்கள்ல பல பேர் ஒரு காலத்துல அரசுக்காகவே வாதாடினவங்க. நேத்து வரைக்கும் "மைலார்ட், அரசு செஞ்சது சரிதான்"னு சொன்னவர், இன்னைக்கு எதிர்ப்பக்கம் நின்னு "இது மக்களோட உரிமை"ன்னு சொல்றார். இது கொள்கையா, சந்தர்ப்பவாதமா? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, அரசு வக்கீல்னா யாரு?

சுருக்கமா சொல்லிடறேன். மத்திய அரசோட முதல் வக்கீல் அட்டர்னி ஜெனரல். அரசியல் சாசனத்தோட 76-வது பிரிவு அவரைப் பத்திப் பேசுது. அவருக்கு அடுத்து சொலிசிட்டர் ஜெனரல், அதுக்கடுத்து கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல்கள். மாநிலத்துல அட்வகேட் ஜெனரல், அதாவது அரசு தலைமை வழக்கறிஞர். அது 165-வது பிரிவு. அதுக்குக் கீழே அரசு பிளீடர்கள்.

இவங்க பதவியில இருக்குற வரைக்கும் அரசுக்கு எதிரா வழக்கு எடுக்க முடியாது. பதவி முடிஞ்சா எடுக்கலாம். ஆனா ஒரு வேலி இருக்கு. பார் கவுன்சில் விதிகள்ல 33-வது விதி என்ன சொல்லுதுன்னா, ஒரு விவகாரத்துல ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லியிருந்தாலோ, மனு தயாரிச்சுக் கொடுத்திருந்தாலோ, அதே விவகாரத்துல எதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது. கம்பெனி மாறும்போது பழைய கம்பெனி கோடை பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போகக் கூடாது இல்லையா, அந்த மாதிரி. ஆனா அங்க கத்துக்கிட்ட அனுபவத்தை யாரும் பிடுங்கிக்க முடியாது. சிஸ்டத்தை உள்ளே இருந்து பராமரிச்சவருக்குத்தான் அது எங்கே உடையும்னு தெரியும்.

பொதுநல வழக்கு எப்படி வந்துச்சு?

சாதாரணமா, பாதிக்கப்பட்டவர்தான் வழக்கு போடணும். ஆனா ஜெயில்ல கிடக்குற ஏழைக்கு வக்கீல் வைக்க ஏது வழி? 1979-ல பீகார் ஜெயில்கள்ல விசாரணைக் கைதிகள் வருஷக்கணக்கா அடைஞ்சு கிடக்குறதைப் பத்திப் பத்திரிகையில கட்டுரை வந்துச்சு. அதைப் படிச்ச வழக்கறிஞர் கபிலா ஹிங்கோராணி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதுதான் ஹுசைனாரா கத்தூன் வழக்கு. சில பேர், செஞ்ச குற்றத்துக்குக் கிடைக்கக் கூடிய தண்டனையை விட அதிக காலம் விசாரணைக்காகவே உள்ளே இருந்திருக்காங்க. விரைவான விசாரணையும் 21-வது பிரிவு தர்ற உரிமையில அடக்கம்னு கோர்ட் சொல்லுச்சு.

அடுத்து 1981 டிசம்பர்ல எஸ்.பி. குப்தா வழக்கு. வழக்கு போட முடியாத நிலையில இருக்குறவங்களுக்காக, நல்லெண்ணத்தோட யார் வேணும்னாலும் கோர்ட்டுக்கு வரலாம்னு அதுல தெளிவாச்சு. உச்ச நீதிமன்றத்துக்கு 32-வது பிரிவு, உயர் நீதிமன்றத்துக்கு 226-வது பிரிவு. இந்த ரெண்டு நம்பரையும் நினைவுல வைங்க. 226-க்கு அப்புறம் திரும்ப வருவோம்.

1975: ஒரு ராஜினாமா

ஃபாலி நாரிமன். 1972-லேருந்து கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல். 1975 ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி அறிவிக்கப்பட்டுச்சு. ஜூன் 27-ம் தேதி அவர் ராஜினாமா பண்ணிட்டார். எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயில்ல, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அந்த நேரத்துல அரசு வக்கீல் பதவியைத் தூக்கிப் போடுறது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் 1993-ல, நீதிபதிகள் நியமனத்துல அரசோட கை ஓங்கக் கூடாதுன்னு வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்குல அவர் வாதாடி ஜெயிச்சார். இன்னைக்கு நாம பேசுற கொலீஜியம் முறை அங்கேருந்துதான் வருது. ஆனா அதே நாரிமன், பின்னாடி எழுதின சுயசரிதையில, ஜெயிச்ச இந்த வழக்குல தோத்திருந்தா நல்லா இருந்திருக்கும்ங்கிற மாதிரி எழுதினார். போபால் விஷவாயு வழக்குல யூனியன் கார்பைடுக்காக வாதாடினவரும் அவர்தான். அதுக்கும் பின்னாடி வருத்தம் தெரிவிச்சார்.

இதை ஏன் சொல்றேன்னா, இவங்கள்ல யாரையும் கட்அவுட் வச்சுப் பாலாபிஷேகம் பண்ண வேண்டியதில்லை. ஆளை விட்டுட்டு வழக்கைப் பார்க்கணும்.

இன்னொருத்தர் சாந்தி பூஷண். உத்தரப் பிரதேசத்தோட அட்வகேட் ஜெனரலா இருந்தவர், 1977-க்கு அப்புறம் மத்திய சட்ட அமைச்சர். அவரே 92 வயசுல, 2018-ல, உச்ச நீதிமன்றத்துக்கு எதிராவே மனு போட்டார். எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகணும்னு தலைமை நீதிபதி ஒருத்தரே முடிவு பண்ணலாமாங்கிறது கேள்வி. அந்த ஜூலையில மனு தள்ளுபடி ஆச்சு. தோத்துட்டார். ஆனா "மாஸ்டர் ஆஃப் ரோஸ்டர்"ங்கிற வார்த்தை நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்ததுல அந்த மனுவுக்கும் பங்கு உண்டு.

இந்திரா ஜெய்சிங்: பூட்டின கதவுக்கு ஒரு மனு

இப்போ முக்கியமான கதைக்கு வரேன். இந்தியாவோட முதல் பெண் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங். 2009-லேருந்து 2014 வரைக்கும் மத்திய அரசுக்காக வாதாடினார். அதுக்கு முன்னாடி, சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சொத்துல சம பங்கு வாங்கிக் கொடுத்த மேரி ராய் வழக்குல வாதாடினவர்.

பதவி முடிஞ்சு, 2018-ல அவர் தன் பேர்லேயே ஒரு மனு போட்டார். அரசியல் சாசன முக்கியத்துவம் உள்ள, தேசம் முழுக்க பாதிக்கிற வழக்குகளை நேரலையா காட்டணும். அவ்வளவுதான் கோரிக்கை.

இதே நேரத்துல ஸ்வப்னில் திரிபாதின்னு ஒரு சட்டக் கல்லூரி மாணவரும் மனு போட்டிருந்தார். திங்கள், வெள்ளிக் கிழமைகள்ல உச்ச நீதிமன்ற அறைக்குள்ள இன்டெர்ன்களை விடமாட்டாங்க, கூட்டம் அதிகம். சட்டம் படிக்கிற பையனாலேயே உள்ளே போய்ப் பார்க்க முடியலைன்னா, வில்லியனூர்க்காரனோ பாகூர்க்காரனோ எப்படிப் பார்க்கிறது?

சட்டப்படி நம்ம நீதிமன்றங்கள் எப்பவுமே திறந்த நீதிமன்றங்கள்தான். சிவில் நடைமுறைச் சட்டத்துலேயும் இருக்கு, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலேயும் இருந்துச்சு. 1966-லேயே 9 நீதிபதிகள் அமர்வு, பொதுமக்கள் பார்வைக்கு நடுவுல நடக்குற விசாரணைதான் நீதிக்குப் பாதுகாப்புன்னு சொல்லிடுச்சு. ஆனா டெல்லியில இருக்குற ஒரு அறை, அதுல சில பத்து நாற்காலி. காகிதத்துல கதவு திறந்திருக்கு, நிஜத்துல உள்ளே இடம் இல்லை. ஜெய்சிங் மனு இந்த இடைவெளியைத்தான் பிடிச்சுது: உரிமை ஏற்கெனவே இருக்கு, தொழில்நுட்பமும் இருக்கு, ரெண்டையும் ஏன் இணைக்கலை?

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த கே.கே. வேணுகோபால் இதை எதிர்க்கலை. முதல்ல அரசியல் சாசன அமர்வுகள்ல சோதனை முறையில ஆரம்பிக்கலாம்னு வழிமுறைகள் எழுதிக் கொடுத்தார். அரசோட முன்னாள் வக்கீலும் இன்றைய வக்கீலும் ஒரே பக்கம். பொதுநல வழக்குன்னாலே மல்லுக்கட்டுதான்னு நினைக்கிறோம். அப்படி இல்லாமலும் நடக்கும்.

2018 செப்டம்பர் 26-ம் தேதி தீர்ப்பு வந்துச்சு. தீபக் மிஸ்ரா, கான்வில்கர், சந்திரசூட், மூணு நீதிபதிகளும் ஒத்துக்கிட்டாங்க: நேரலை வேணும். பாலியல் வன்முறை, குடும்பத் தகராறு, சிறார் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு விலக்கு. பதிவோட காப்புரிமை கோர்ட்டுக்கே.

அதே நாள், அதே உச்ச நீதிமன்றம், ஆதார் தீர்ப்பையும் கொடுத்துச்சு. நம்ம கைரேகை, கண் கருவிழி எல்லாத்தையும் பத்தின வழக்கு. 38 நாள் விசாரணை. அந்த 38 நாள்ல ஒரு நிமிஷம் கூட நம்மால நேரலையா பார்க்க முடியலை. ஜெய்சிங் மனு எதுக்குன்னு யாராவது கேட்டா, இந்த ஒரு உதாரணம் போதும்.

தீர்ப்பு வந்தாச்சு, டெப்ளாய் ஆகலை

நம்ம ஃபீல்டுல இருக்குறவங்களுக்குப் புரியும். கோட் மெர்ஜ் ஆகிடும், ஆனா புரொடக்‌ஷனுக்குப் போகாது. இங்கேயும் அதே கதை. 2018-ல தீர்ப்பு, நாலு வருஷம் ஒண்ணும் நடக்கலை. நடுவுல கொரோனா வந்து வீடியோ விசாரணை பழகிப்போச்சு. 2021-ல குஜராத் உயர் நீதிமன்றம் முந்திக்கிட்டு நேரலை ஆரம்பிச்சுது. 2022 செப்டம்பர்ல ஜெய்சிங் திரும்பவும் தலைமை நீதிபதி யு.யு. லலித்துக்குக் கடிதம் எழுதினார். அந்த மாசம் 27-ம் தேதிதான் அரசியல் சாசன அமர்வுகளோட நேரலை தொடங்குச்சு. பொருளாதாரத்தில் பின்தங்கியோர் 10 சதவீத இடஒதுக்கீடு வழக்கு, சிவசேனா வழக்கு எல்லாம் அன்னைக்கு நம்ம மொபைல்ல ஓடுச்சு.

ஜெயிச்ச அன்னைக்கே மூட்டை கட்டிட்டுப் போயிருந்தா இது நடந்திருக்காது. கோர்ட் சொன்னதை நிறைவேத்த வைக்கிறதுதான் பாதி வேலை. அதுவும் அரசு ஆபீஸ்ல ஃபைல் எப்படித் தூங்கும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அதை எப்படித் தட்டி எழுப்பணும்னும் தெரியும்.

2023 பிப்ரவரியில இன்னொரு படி: வாதங்களை செயற்கை நுண்ணறிவு மூலமா உடனுக்குடன் எழுத்தாக்குறது, அதாவது டிரான்ஸ்கிரிப்ட். நீங்க இப்போ படிச்சுட்டு இருக்கீங்களே, அதே மாதிரி. யார் என்ன சொன்னாங்கன்னு பதிவு இருந்தா, "நான் அப்படிச் சொல்லலையே"ன்னு யாரும் நழுவ முடியாது. வக்கீலும் சரி, நீதிபதியும் சரி.

பிரச்சினையும் வந்துச்சு. 2024 செப்டம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றத்தோட யூடியூப் சேனலையே ஹேக் பண்ணி, கிரிப்டோ வீடியோ ஓட விட்டாங்க. நாட்டோட உச்ச நீதிமன்றம் வெளி நிறுவனத்தோட பிளாட்ஃபார்மை நம்பி இருக்கலாமான்னு கேள்வி வந்துச்சு. அதே மாசம் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருத்தர் பேசின கிளிப் வைரலாச்சு, கண்டனம் கிளம்புச்சு, அவர் வருத்தம் தெரிவிச்சார். நேரலையை நிறுத்திடலாமேன்னு சில பேர் சொன்னாங்க. வெளிச்சம் பட்டுத் தப்பு தெரிஞ்சா இன்னும் வெளிச்சம் தான் மருந்து, கதவைச் சாத்துறது இல்லைங்கிற அர்த்தத்துல தலைமை நீதிபதி சந்திரசூட் பதில் சொன்னார். என் கருத்தும் அதேதான்.

இதுல நமக்கு என்ன?

"டெல்லி கதை நமக்கெதுக்கு?"ன்னு கேட்பீங்க. சொல்றேன்.

2017 ஜூலையில மத்திய அரசு நம்ம புதுச்சேரி சட்டமன்றத்துக்கு மூணு நியமன எம்.எல்.ஏ.க்களைப் போட்டுச்சு. தேர்ந்தெடுத்த அரசைக் கேக்கலை. 30 பேரை நாம ஓட்டுப் போட்டு அனுப்புறோம், 3 பேர் நியமனம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2018 டிசம்பர் 6-ம் தேதி தீர்ப்பு: நியமனம் செல்லும், பட்ஜெட்லேயும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துலேயும் கூட அவங்களுக்கு ஓட்டு உண்டு. 2021 பிப்ரவரியில நாராயணசாமி அரசு கவிழ்ந்தப்ப, இந்த நியமன உறுப்பினர்களோட ஓட்டுதான் பெரிய வாக்குவாதம்.

தீர்ப்பு சரியா தப்பாங்கிறது வேற விவாதம். ஆனா நம்ம ஓட்டோட எடையை நிர்ணயிச்ச அந்த வாதங்களை நம்ம ஊர்ல எத்தனை பேர் கேட்டோம்? யாரும் கேக்கலை. நேரலைக்கான தீர்ப்பு வந்து ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு, நேரலை மட்டும் வரலை. மறுநாள் பேப்பர்ல முடிவைப் படிச்சோம். 2023-ல டெல்லி அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த அதிகாரச் சண்டை வழக்கை மட்டும் உட்கார்ந்து பார்க்க முடிஞ்சுது. டெல்லிக்கு 239ஏஏ, நமக்கு 239ஏ. ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதிகாரத்துல எவ்வளவு வித்தியாசம்னு அதைப் பார்த்தாதான் புரியும்.

இதை விட நெருக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. உள்ளாட்சித் தேர்தல். புதுச்சேரியில 1968-க்கு அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006-ல நடந்துச்சு. அவங்க பதவிக்காலம் 2011-ல முடிஞ்சுது. 2021-ல அறிவிப்பு வந்து, இடஒதுக்கீடு, வார்டு சுழற்சி விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போய், அப்படியே நின்னுபோச்சு. இதைப் பதிவு பண்ற வரைக்கும் தேர்தல் நடக்கலை. எனக்கு இருபதுகளோட கடைசி. ஓட்டுரிமை வந்ததுலேருந்து ஒரு தடவை கூட வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, எல்லாக் கொம்யூன்லேயும் என் வயசுக்காரங்க கதை இதேதான். வாய்க்கா அடைச்சா, தெருவிளக்கு எரியலைன்னா, நாம போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு கவுன்சிலர் கிடையாது. அதிகாரிதான்.

ஆனா 243இ பிரிவு என்ன சொல்லுது? பஞ்சாயத்தோட காலம் 5 வருஷம், அது முடியுறதுக்குள்ள அடுத்த தேர்தல் முடிஞ்சிருக்கணும். நகராட்சிகளுக்கும் இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கு. 2006-ல அகமதாபாத் மாநகராட்சி வழக்குல, அஞ்சு வருஷக் கெடுவைத் தள்ளிப் போட முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் கறாரா சொல்லியிருக்கு.

இந்த மாதிரி வழக்குலதான் முன்னாள் அரசு வக்கீலோட மதிப்பு தெரியும். அரசு தரப்பு கவுன்ட்டர்ல வழக்கமா வர்ற வரிகள் இருக்கு: "வார்டு மறுவரையறை நடந்துட்டு இருக்கு", "கணக்கெடுப்பு முடியலை", "கொஞ்சம் அவகாசம் வேணும்". இந்த வரிகளை வருஷக்கணக்கா எழுதினவருக்கு, எது நிஜமான சிக்கல், எது வாய்தா வாங்குற சாக்குன்னு தெரியும். எந்த ஃபைலை வரவழைக்கச் சொல்லிக் கேக்கணும்னு தெரியும்.

மறுபக்கமும் பார்க்கணும்

எல்லாம் நல்லதுன்னு சொல்லிட்டுப் போக மாட்டேன். மூணு விஷயம்.

ஒண்ணு, அரசியல். தமிழ்நாட்டுல பி. வில்சனை எடுத்துக்கங்க. 2012-லேருந்து 2014 வரைக்கும் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல். அகில இந்திய மருத்துவ ஒதுக்கீட்டுல ஓ.பி.சி. மாணவர்களுக்கு இடம் கேட்டு, 2020-ல சென்னை உயர் நீதிமன்றத்துல தி.மு.க.வுக்காக வாதாடினார். இன்னைக்கு அந்த இடங்கள்ல 27 சதவீதம் கிடைச்சிருக்குன்னா அந்த வழக்கும் ஒரு காரணம். ஆனா அவர் அந்தக் கட்சியோட எம்.பி.யும் கூட. பலன் நிஜம், கட்சி நலனும் நிஜம். ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும்.

ரெண்டு, பொதுநலப் பேர்ல சொந்தநலம். உத்தராகண்ட் அட்வகேட் ஜெனரல் நியமனத்தையே எதிர்த்து ஒரு பொதுநல வழக்கு போச்சு, வயசு 62 தாண்டிடுச்சுன்னு. ஏற்கெனவே பல தடவை தீர்ந்த கேள்வி. 2010-ல உச்ச நீதிமன்றம் மனுதாரர்களுக்கு 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதிச்சு, பொதுநல வழக்கை எப்படி வடிகட்டணும்னு வழிமுறையும் போட்டுச்சு.

மூணு, எதிர்ப்பக்கம் நிக்கிறதுக்கு விலையும் இருக்கு. ஜெய்சிங் தொடங்கின லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்போட வெளிநாட்டு நிதி உரிமத்தை 2016-ல அரசு ரத்து பண்ணுச்சு. 2019-ல சி.பி.ஐ. வழக்கும் சோதனையும். அரசு வக்கீலா இருந்த காலத்துல அந்த நிதியிலிருந்து அவர் சம்பளம் வாங்கினார்ங்கிறது குற்றச்சாட்டுல ஒண்ணு. அவங்க மறுக்குறாங்க, இது பழிவாங்கல்ங்கிறாங்க. கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்துச்சு. ரெண்டு தரப்பையும் சொல்லிட்டேன், நீங்களே யோசிங்க.

ஆரம்பக் கேள்விக்குப் பதில்

கொள்கையா, சந்தர்ப்பவாதமா? ஆளோட மனசுக்குள்ள போய்ப் பார்க்க நமக்கு வழி இல்லை. அதனால நான் மூணு கேள்வி வச்சிருக்கேன். ஜெயிச்சா பலன் யாருக்கு? தோத்தா இழப்பு யாருக்கு? தீர்ப்புக்கு அப்புறமும் அந்த ஆள் விஷயத்தை விடாம பிடிச்சுக்கிட்டு இருக்காரா? ஜெய்சிங்கோட நேரலை மனுவை இதுல வச்சுப் பாருங்க. பலன் நாட்டுல மொபைல் வச்சிருக்குற எல்லாருக்கும்.

கடைசியா, நீங்க செய்யக் கூடியது. உச்ச நீதிமன்ற இணையதளத்துல நேரலை லிங்க் இருக்கு. ஒரு அரைமணி நேரம் பாருங்க. சீரியல் மாதிரி இருக்காது, ஆனா பழகிடும். உங்க கொம்யூன்ல தேர்தல் வேலை எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. கட்டணம் 10 ரூபாய்தான். வர்ற பதிலைப் பத்திரமா வைங்க. நாளைக்கு யாராவது 226-ல சென்னை உயர் நீதிமன்றம் போனா அதுதான் ஆதாரம். வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா சட்டப்பணிகள் ஆணையம் இருக்கு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காம இலவச உதவி உண்டு.

அந்த ஆர்.டி.ஐ. மனுவை நானும் இந்த வாரம் போடப் போறேன். பதில் வந்ததும் ஒரு எபிசோட்ல அப்படியே வாசிக்கிறேன். நீங்களும் போட்டா, வந்த பதிலை அனுப்புங்க. பாகூர்ல என்ன சொன்னாங்க, வில்லியனூர்ல என்ன சொன்னாங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.